நாலு மார்க் வாங்கிய கிட்டார்

திருடு போனதாகச் சொல்லப்பட்ட கிட்டார் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

"அண்ணி, காணாமப் போன பொருள் காணாமப் போன இடத்துலயே இருக்கிற கேஸ் நமக்கு இதுதான் முதல் தடவை," என்றான் கொசு. "கண்டுபிடிச்சாச்சுன்னு பில் போட்டுட்டுக் கிளம்பிடலாமா?"

"கொஞ்சம் சும்மா இரு," என்றாள் அண்ணி.

கொசுவுக்கு முப்பத்தெட்டு வயது. யார் காதருகே நின்றாலும் ஓயாமல் ரீங்காரம் செய்வதால் வீட்டார் வைத்த பெயர் அது. ஏழு வேலைகளை அவன் விட்டிருக்கிறான். எட்டாவது வேலை அவனை விட்டது. அதன் பிறகுதான் அண்ணன் மனைவி நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன் ஆனான். தம்பிக்குச் சம்பளம் வருவதைவிட, பகலில் வீடு அமைதியாக இருப்பதுதான் அண்ணனுக்குப் பெரிய நிம்மதி.

அண்ணி அதற்கு முன் இருபது வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சேதங்களை மதிப்பிடும் வேலையில் இருந்தவள். தீயில் கருகிய சோபா, தண்ணீரில் ஊறிய பியானோ, தானே கொளுத்திவிட்டுத் தானே அழுத மில் முதலாளி எல்லாம் பார்த்தாயிற்று. அவளுக்குச் சங்கீதத்தில் ஒரு ஸ்வரம்கூடத் தெரியாது. மனிதர்கள் பொருளைப் பற்றிப் பொய் சொல்லும்போது குரல் எந்த ஸ்வரத்துக்கு ஏறும் என்பது மட்டும் தெரியும்.

"உள்ள இருக்கிறது போலி, மேடம்," என்றார் இசைக்கருவிக் கடை முதலாளி. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். குளிர்சாதனக் காற்று நேராக அவர் தலையில்தான் அடித்துக்கொண்டிருந்தது. "அசலை யாரோ மாத்திட்டாங்க. மின்னல் சாரே சொல்லிட்டாரு."

மின்னல் என்பது ஒரு கிட்டார் கலைஞரின் மேடைப் பெயர். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம். அவர் 'தன் கைப்பட வடிவமைத்த' எலெக்ட்ரிக் கிட்டாரை ஒரு கம்பெனி ஐம்பது மட்டும் செய்திருந்தது. அதில் ஒன்றாம் எண் இரண்டு மாதமாக இந்தக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் கொலு வீற்றிருந்தது. இன்று மாலை ஆறு மணிக்கு அறிமுக விழா. விழா முடிந்ததும் அதை வாங்கிக்கொண்டு போக ஒரு சேகரிப்பாளர் தயாராக இருந்தார்.

காலையில் மின்னல் வந்தார். டிவிக்காரர்கள் கேமராவோடு நின்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்து அரை நிமிடம் வாசித்தார். சட்டென்று நிறுத்தினார். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, "இது என் கிட்டார் இல்ல. யாரோ மாத்திட்டாங்க," என்று எழுந்துவிட்டார். அடுத்த கால் மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது.

"ரெண்டு மாசத்துல இது கடையை விட்டு வெளிய போச்சா?" என்று அண்ணி கேட்டாள்.

"ஒரே ஒரு தடவை, மேடம். போன வாரம் சங்கீதப் பத்திரிகையில விமர்சனம் எழுதறவர் ரெண்டு நாள் வீட்டுக்குக் கொண்டு போனாரு. நல்ல மனுஷன்னு நம்பிக் கொடுத்தேன். டிவிக்காரங்க கேட்டப்பவும் அதைத்தான் சொன்னேன்."

"அவர் பேரையுமா?"

"கேட்டாங்க, சொன்னேன்." முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு. "நாலு மணி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள அசல் வரலைன்னா போலீஸ்ல எழுதிக் கொடுத்துடுவேன்."

"பெட்டியைத் திறங்க. கொசு, நீ காலேஜ்ல கிட்டார் வாசிச்ச இல்ல?"

"மூணு மாசம், அண்ணி. அதுக்கப்புறம் ஹாஸ்டல்காரங்க எல்லாம் சேர்ந்து மனு கொடுத்துட்டாங்க."

"போதும். எடு. நான் எந்தப் பொருளைப் பார்த்தாலும் மூணு கேள்விதான் கேட்பேன். பார்க்க எப்படி? பழக எப்படி? கொடுக்கிற விலைக்குத் தகுமா? முதல்ல பார்க்க எப்படி, சொல்லு."

பார்க்க அது அழகாகத்தான் இருந்தது. ஒரு மின்னல் கீற்றை அப்படியே வெட்டியெடுத்த உடல். மேலே ஒரு கொம்பு, கீழே ஒரு கூர்முனை. உள்ளிருக்கும் மரத்தின் ரேகைகள் தெரியும்படி கண்ணாடி போன்ற நீலப் பூச்சு. கழுத்தின் உச்சியில் மின்னலின் கையெழுத்து, தங்க நிறத்தில்.

"பத்துக்குப் பத்து," என்றான் கொசு. "ரேகை பாருங்க அண்ணி. மூணாவது குமிழுக்குக் கீழ ஒரு வாத்து நீந்துற மாதிரியே இருக்கு. மூக்கு, வாலு எல்லாம் சரியா இருக்கு."

அண்ணி குனிந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். மேஜை மேல் கிடந்த சங்கீதப் பத்திரிகையைப் பிரித்தாள். பின் அட்டை முழுக்க அதே கிட்டாரின் விளம்பரம். உள்ளே விமர்சனம்.

"அந்த விமர்சகர் எழுதினதைப் படிக்கிறேன். 'வசதி: ஒன்பதரை மதிப்பெண். மடியில் வைத்தால் தூங்கும் குழந்தையைப் போல அடங்கிக் கிடக்கிறது.' உட்கார்ந்து பாரு, கொசு."

கொசு உட்கார்ந்தான். கிட்டாரை மடியில் வைத்தான். உடலின் அடிப்பக்கம் மின்னல் போல வெட்டுப்பட்டிருந்ததால் தொடையில் அமர அதற்கு இடமே இல்லை. வழுக்கியது. இழுத்துப் பிடித்தான். மேல் கொம்பு விலாவில் இறங்கியது. கொம்பைத் தள்ளினால் கனத்த தலை தரையைப் பார்த்துத் தாழ்ந்தது. தலையைத் தூக்கினால் வாசிக்கும் கை குமிழில் இடித்துச் சத்தம் செத்துப் போனது.

"குழந்தை முழிச்சுக்கிட்டு ஓடுது அண்ணி!" என்று அலறினான். "உதைக்கவும் செய்யுது!"

முதலாளியின் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா மேடம்? அசல் தூங்கும். இது உதைக்குது. அப்ப இது போலிதானே? அவரே எழுத்துல சாட்சி சொல்லிட்டாரு!"

கொசுவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அண்ணி மட்டும் பத்திரிகையை மடித்துப் பைக்குள் போட்டாள். அதோடு கடையின் விலைப் பட்டியல் புத்தகம் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணு, இது அவர் வாசிச்ச கிட்டார் இல்ல. இல்லைன்னா, இது அவர் எழுதின விமர்சனம் இல்ல," என்றாள். "எதுன்னு அவரையே கேட்டுட்டு வரேன்."

விமர்சகரின் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. வாசலில் 'கிட்டார் வகுப்பு, மாலை ஐந்து முதல்' என்று ஓர் அட்டை தொங்கியது. கதவைத் திறந்தது அவர் மனைவி. பின்னால் அறைக்குள் தைல வாசனை மூக்கைத் துளைத்தது.

விமர்சகர் ஒல்லியான மனிதர். வலது கையால் வெந்நீர்ப் பையை இடது தோளில் அழுத்திப் பிடித்திருந்தார். அண்ணி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் எழுந்து நின்றார். போலீஸ் வந்தாலும் அப்படித்தான் நின்றிருப்பார்.

"நான் எடுக்கல மேடம்," என்றார். அதற்குள் போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். "சரிங்க... பரவாயில்லைங்க... புரியுது." வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். "என்கிட்ட கத்துக்கிற குழந்தையோட அம்மா. நாளையிலிருந்து அனுப்ப மாட்டாங்களாம். காலையிலிருந்து ஆறாவது போன்."

"தோள்ல என்ன சார்?" என்று அண்ணி கேட்டாள்.

அவர் வாயைத் திறக்குமுன் மனைவி முந்திக்கொண்டாள். "எல்லாம் அந்தப் பாழாப்போன கிட்டார்தாங்க. ரெண்டு நாள் அதை மாட்டிக்கிட்டு வாசிச்சாரு. ஒரு வாரமா நான் தைலம் தேய்ச்சுக்கிட்டிருக்கேன். விலாவுல பாருங்க, ரூபாய் நாணயம் அளவுக்குக் கன்னிப் போயிருக்கு. இதைப் போய் யாராவது திருடுவாங்களா? காசு கொடுத்துத் திருடச் சொன்னாலும் இவர் தொட மாட்டாரு!"

"ஆனா 'தூங்கும் குழந்தை'ன்னு எழுதியிருக்கீங்களே?"

விமர்சகர் வெந்நீர்ப் பையை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்து நாலு காகிதங்களை எடுத்தார். கையெழுத்துப் பிரதி. அண்ணி உரக்கப் படித்தாள்.

"'தோற்றம்: பத்து. இவ்வளவு அழகான கிட்டாரை நான் பார்த்ததில்லை. மூன்றாவது குமிழின் கீழே மரத்தில் ஒரு வாத்து நீந்துகிறது. தோள் வலிக்கும்போது அதைப் பார்த்து ஆறுதல் அடையலாம். வசதி: நாலு. இதை வடிவமைத்தவர் இதை மடியில் வைத்து ஒரு பாட்டாவது வாசித்திருந்தால் இந்தக் கொம்பை இந்த இடத்தில் விட்டிருக்க மாட்டார். விலைக்குத் தகுமா: மாட்டி வைக்கச் சுவர் வைத்திருப்பவருக்குத் தகும். வாசிப்பவருக்கு, கொம்பைச் செதுக்கினால் தகும்.'"

"சுவருக்கு மடியும் கிடையாது, விலாவும் கிடையாது," என்றான் கொசு. "சேகரிப்பாளருக்கு இது சொர்க்கம்."

"நாலு எப்படி ஒன்பதரை ஆச்சு?" என்றாள் அண்ணி.

"பின் அட்டை பார்த்தீங்களா மேடம்? விளம்பரம். ஆசிரியர் மாத்திட்டாரு. குழந்தை, தூக்கம் எல்லாம் அவரோட கற்பனை."

"நீங்க கேட்கலையா?"

"பதினோரு வருஷமா எழுதறேன். ஒரே ஒரு தடவை எதிர்த்துக் கேட்டேன். அடுத்த மாசம் விமர்சனத்துக்கு மவுத் ஆர்கன் கொடுத்தாங்க. அதுக்கு அடுத்த மாசம், ரெஃப்ரீ ஊதுற விசில்." குரல் தழைந்தது. "விசிலைப் பத்தி எட்டுப் பக்கம் எழுதினேன் மேடம். நல்ல விசில்."

கொசு சிரிக்க வாயெடுத்தான். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

அண்ணி அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் ஒரு கறுப்புக் கிட்டார் பெட்டி நின்றது. "இது காலியா? எடுத்துக்கங்க. நீங்களும் எங்களோட கடைக்கு வரீங்க."

விமர்சகர் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "போயிட்டு வாங்க. ஒளிஞ்சுக்கிட்டிருந்தாத்தான் திருடன்."

ஆட்டோவில் விமர்சகர் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி விலைப் பட்டியலைப் பிரித்து ஒரு பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டு போனாள். பிறகு அச்சிட்ட தேதியைப் பார்த்தாள். பிறகு மூடிவிட்டாள்.

"என்ன அண்ணி பார்த்தீங்க?"

"ஒரு பறவை," என்றாள் அண்ணி.

கடைக்குள் நுழையும்போது மணி மூன்றரை. மின்னல் முதலாளியின் அறையில் காத்திருந்தார். அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. விமர்சகரைக் கண்டதும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார்.

அண்ணி முதலாளியைத் தனியே அழைத்து, "அஞ்சு நிமிஷம் யாரும் முன்பக்கம் வரக் கூடாது," என்றாள். விமர்சகரையும் உள்ளே அனுப்பினாள். கொசுவை மட்டும் கூட வைத்துக்கொண்டாள். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் செய்ததைப் பார்த்தபோது கொசுவின் வாய் தானாக மூடிக்கொண்டது. அவன் வாழ்க்கையில் அது எப்போதாவதுதான் நடக்கும்.

அறைக்கதவு திறந்தது. அண்ணி கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தாள்.

"கிடைச்சிடுச்சு," என்றாள்.

முதலாளி ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். விமர்சகரின் முகத்தில் ஈயாடவில்லை. அது அவருடைய பெட்டி, காலிப் பெட்டி, அவரே தூக்கி வந்தது. "மேடம்... நான்... அதுக்குள்ள ஒண்ணும்..." என்று வார்த்தைகள் தடுமாறின.

அண்ணி கொக்கிகளைத் திறந்தாள். உள்ளே நீலக் கிட்டார் பளபளத்தது.

மின்னல் பாய்ந்து வந்தார். கிட்டாரை எடுத்தார். நின்றபடியே இரண்டு தந்திகளைச் சுண்டினார். கழுத்தில் முத்தமிட்டார். "இதுதான்! இதுதான் என் கிட்டார்! விரல் பட்டதுமே தெரிஞ்சு போச்சு. பெத்தவனுக்குத் தன் குழந்தையைத் தெரியாதா?"

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க சார். அசல்தானே?"

"சத்தியமா! காலையில பார்த்த அந்த மரக்கட்டை எங்க, இது எங்க!"

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நொடியே அது காய்ந்து, பார்வை விமர்சகர் மேல் விழுந்தது. "அப்ப இவர் பெட்டியிலதான் இருந்துச்சு. நான் நினைச்சது சரி. போலீஸைக் கூப்பிடறேன்."

"கூப்பிடுங்க," என்றாள் அண்ணி. "அவங்க வந்தா அந்தப் போலியையும் காட்டணும். போய் எடுத்துட்டு வாங்க."

முதலாளி முன்பக்கம் ஓடினார். கண்ணாடிப் பெட்டியின் மேல் யாரோ ஒரு துணியைப் போர்த்தியிருந்தார்கள். இழுத்தார். பெட்டி காலியாக இருந்தது.

"ஐயோ! போலியும் திருடு போயிடுச்சு!" என்று கத்தினார்.

"இல்லை சார்," என்றான் கொசு. அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சு மொத்தமும் சேர்ந்து வெளியே வந்தது. "போலிக்குத்தான் மின்னல் சார் இப்ப முத்தம் கொடுத்துக்கிட்டிருக்காரு. காலையில 'மரக்கட்டை', சாயங்காலம் 'குழந்தை'. ஒரே கிட்டார். நடுவுல மாறினது பெட்டி மட்டும்தான்."

மின்னலின் உதடு கிட்டாரின் கழுத்தை விட்டு விலகியது.

அண்ணி விலைப் பட்டியலை விரித்து மேஜையில் வைத்தாள். "இது அச்சாகி ரெண்டு மாசம் ஆச்சு. விமர்சகர் இந்தக் கிட்டாரைத் தொடறதுக்கு ரொம்ப நாள் முன்னாடி. ஒன்றாம் எண் கிட்டாரோட படம். மூணாவது குமிழுக்குக் கீழ பாருங்க."

எல்லோரும் குனிந்தார்கள். படத்தில் வாத்து நீந்தியது. கிட்டாரிலும் வாத்து நீந்தியது. மூக்கு, வால், எல்லாம் சரியாக இருந்தன.

"மர ரேகையும் கை ரேகை மாதிரிதான். ஐம்பது கிட்டார்லயும் ஒரே வாத்து நீந்தாது. இது முதல் நாள்லேருந்து அசல்தான். யாரும் எதையும் மாத்தல. மின்னல் சார், காலையில ஏன் அப்படிச் சொன்னீங்க?"

மின்னல் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அதற்குப் பின்னால் இருந்தது களைத்துப் போன, சாதாரணமான ஒரு முகம்.

"கம்பெனிக்காரங்க வடிவமைச்சுக் கொடுங்கன்னு சொன்னாங்க. ஒரு காகிதத்துல மின்னல் வரைஞ்சேன். நீலம்னு சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான் என் வேலை. மேடையில வாசிக்கிறது என்னோட பழைய கிட்டார். அது மேல மின்னல் மாதிரி மெல்லிசா ஒரு தகடை ஒட்டி, இதே நீலத்தைப் பூசிட்டாங்க. தூரத்துல யாருக்கும் வித்தியாசம் தெரியாது." நிறுத்தினார். "இதை உட்கார்ந்து வாசிச்சது இன்னைக்குத்தான் முதல் தடவை. கேமரா முன்னாடி. மடியில நிக்கல. விலாவுல குத்துச்சு. நானே வடிவமைச்சதை எனக்கே பிடிக்கத் தெரியலைன்னு ஊரே சிரிக்குமேன்னு பயந்துட்டேன். வாயில அதுதான் வந்துச்சு."

"'பிடிக்க வசதியா இல்ல'ன்னு ஒரு வரி சொல்லியிருக்கலாம்," என்றாள் அண்ணி. "அந்த ஒரு வரியை இவர் எழுதியே வச்சிருந்தாரு."

முதலாளி தொண்டையைச் செருமினார். வியாபாரம் மூளைக்கு ஏறிவிட்டது கண்ணில் தெரிந்தது. "மேடம், ஒரு யோசனை. திருடு போனது திரும்பக் கிடைச்சிடுச்சுன்னே சொல்லிடலாமே? கதை உள்ள கிட்டாருக்கு மதிப்பு ரெண்டு மடங்கு ஏறும்."

"திருடினது யாருன்னு கேட்பாங்களே?"

முதலாளியின் கண் ஒரு கணம் விமர்சகர் பக்கம் போய்த் திரும்பியது.

அண்ணியின் குரல் உயரவில்லை. "ஆறு மணிக்கு மேடையில உங்க பக்கத்துல நான் நிப்பேன். கையில இந்த விலைப் பட்டியல் இருக்கும். வாத்தைப் பெருசு பண்ணிக் காட்டறதுக்குத் திரையும் இருக்கு. என்ன கதை சொல்லணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

அப்போது விமர்சகரின் போன் அடித்தது. அவர் திரையைப் பார்த்தார். எடுக்க மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "இன்னொரு குழந்தையோட அப்பா," என்றார்.

மின்னல் கையை நீட்டினார். "கொடுங்க." வாங்கிக் காதில் வைத்தார். "வணக்கங்க. நான் கிட்டார் மின்னல் பேசறேன்... ஆமாங்க, அதே மின்னல்தான். உங்க குழந்தையோட வாத்தியார் எதையும் எடுக்கல. நான்தான் பொய் சொல்லிட்டேன்... இல்லைங்க, விளையாடல... சத்தியமா நான்தான்... மிமிக்ரி எல்லாம் இல்லைங்க!"

மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.

"நம்பலை," என்றார் மின்னல் பரிதாபமாக.

"உண்மை பேசிப் பழக்கம் வர கொஞ்ச நாள் ஆகும் சார்," என்றான் கொசு. "ஆறு மணிக்கு டிவியில சொல்லுங்க. முகத்தைப் பார்த்தா நம்புவாங்க. கண்ணாடி மட்டும் வேண்டாம்."

மின்னல் தலையாட்டினார். பிறகு தயங்கி, கிட்டாரை விமர்சகரிடம் நீட்டினார். "நீங்க ரெண்டு நாள் வாசிச்சிருக்கீங்க. எனக்கு அரை நிமிஷம்தான் பழக்கம். இது எப்படிப் பேசும்னு ஒரு தடவை காட்டுங்களேன்."

விமர்சகர் வாரை வலி இல்லாத தோளில் மாட்டினார். ஒயரைச் செருகினார். கண்ணை மூடினார். முதல் ஸ்வரம் எழுந்ததும் கொசு நிமிர்ந்து நின்றான். மூன்று மாதம் கற்றவனுக்கும் தெரிந்தது, உள்ளே இருந்த மரம் நல்ல மரம். மெதுவாகத் தொடங்கி, மேலே ஏறி, ஓரிடத்தில் நின்று இழைந்து, அறை முழுவதையும் நிறைத்துவிட்டு அடங்கியது. கடைச் சிப்பந்திகள் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். சங்கீதம் தெரியாத அண்ணிகூடக் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இதுக்குள்ள இவ்வளவு இருக்கா?" என்றார் மின்னல்.

விமர்சகர் கண்ணைத் திறந்தார். "இருக்கு சார். கீழே வச்சிடட்டுமா? இந்தத் தோளும் வலிக்க ஆரம்பிச்சிடுச்சு."

மின்னல் அருகில் போய் வாரை அவர் தோளிலிருந்து தானே கழற்றினார். கிட்டாரின் முழுக் கனமும் கையில் இறங்கியதும் அவருடைய புருவம் ஏறியது. அதை மேஜை மேல் மல்லாத்திக் கிடத்தினார்.

"எங்க செதுக்கணும்னு கோடு போட்டுக் கொடுங்க," என்றார். "மிச்சம் நாற்பத்தொன்பதையும் அப்படியே செதுக்கச் சொல்றேன்."

"சேகரிப்பாளர் என்ன சொல்வாரோ!" என்று முதலாளி முனகினார்.

விமர்சகர் மேல் கொம்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல், ஒரு பென்சில் கேட்டார்.